திருப்பிப் போடாத படம்

தடயவியல் ஆய்வகத்தின் பின்கட்டில், எக்ஸ்ரே அறைக்கும் எலும்புப் பெட்டிகளை அடுக்கிவைக்கும் அறைக்கும் நடுவே, ஒருவர் உள்ளே நுழைய இன்னொருவர் எழுந்து நிற்க வேண்டிய அளவுக்குக் குறுகலான அறையொன்றில் அவர் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தார். அந்த அறைக்கு இருந்த ஒரே சன்னலையும், வெளிச்சம் புகுந்து படத்தைக் கெடுத்துவிடும் என்று கறுப்புத் தாள் ஒட்டி அவரே மூடிவிட்டார். மேசைமேல் ஒரு கணினி. பக்கத்தில் முக்காலியில் பொருத்திய கேமரா. கேமராவுக்கு எதிரே, மண்டையோட்டை எந்தக் கோணத்திலும் சாய்த்து நிறுத்துவதற்கான இரும்புத் தாங்கி. சுவரில் படம் ஒன்றுமில்லை. நாள் முழுவதும் முகங்களையே பார்ப்பவருக்குச் சுவரிலும் முகம் எதற்கு என்று கேட்பார்.

அடையாளம் தெரியாத மண்டையோட்டின் படத்தையும், காணாமற்போன ஒருவரின் புகைப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து, இரண்டும் ஒரே ஆளுடையவைதாமா என்று பார்ப்பது அவருடைய வேலை. அவர் கணிதம் படித்தவர். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காததால் ஆய்வகத்தில் புகைப்படக்காரராகச் சேர்ந்தார். அந்நாளில் இரண்டு பிலிம்களை ஒளிமேசைமேல் ஒன்றாக வைத்து, கையால் நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்த்தார்கள். கணினி வந்தபின், நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தைப் புரட்டி, நிரல் எழுதத் தாமே கற்றுக்கொண்டு, அந்த வேலையை முழுக்கவும் எண்களுக்கு மாற்றினார்.

கணினிக்கு எந்தப் படமும் எண்களின் கட்டம்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். முதல் படத்தின் எண்ணைப் பாதியாக்கி, இரண்டாம் படத்தில் அதே இடத்திலுள்ள எண்ணையும் பாதியாக்கி, இரண்டையும் கூட்டினால் கலவையின் எண் கிடைத்துவிடும். எலும்பு பாதி, முகம் பாதி. ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறைக்க வேண்டும். இரண்டு பங்குகளும் சேர்ந்து எப்போதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். முதன்முதலில் எழுதிய நிரலில் பாதியாக்க மறந்து, எண்களை அப்படியே கூட்டிவிட்டார். திரை முழுவதும் வெள்ளையாகப் பொங்கி வழிந்தது. பெட்டி அறையைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் அப்போது கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்பா, மண்டையோட்டைக் காட்டுறேன்னு கூட்டிட்டு வந்து சூரியனைக் காட்டுற?" என்றார்.

"பாதிப்பாதியா பிரிக்க மறந்துட்டேண்ணே."

"பாதிப்பாதியா? சரிதான்" என்று முதியவர் தலையாட்டினார். அன்றிலிருந்து ஆய்வகத்தில் அவருக்குப் பாதிப்பாதி என்றே பெயர் நிலைத்துவிட்டது. துறைத்தலைவர் அம்மையாரேகூட ஒருமுறை கூட்டத்தில் வாய்தவறி அப்படி அழைத்துவிட்டு, இருமிச் சமாளித்தார். வீட்டில் அவர் மனைவியும் விடவில்லை. "சண்டையையும் பாதிப்பாதியா பிரிச்சுக்குவோமா? கத்துறது என் பங்கு, கேட்டுக்கிறது உங்க பங்கு" என்பாள்.

அவர் வகுத்த நடைமுறை ஒழுங்கானது. முதலில் புகைப்படத்தைக் கணினியில் ஏற்றுவார். நிரல் முகத்தைக் கண்டுபிடித்து, கழுத்துக்குக் கீழே உள்ளதையும் காதுகளுக்கு அப்பால் உள்ளதையும் வெட்டித் தள்ளிவிடும். எஞ்சிய முகத்தின் சாய்வை அளந்து, மண்டையோட்டைத் தாங்கியில் அதே சாய்வில் நிறுத்திப் படம் எடுப்பார். பிறகு கண்குழி, மூக்கின் அடி, பல்வரிசை, தாடை என்று ஒவ்வொரு குறியையும் இணைத்து இரண்டையும் கலப்பார். முகத்தை மட்டும் வெட்டி எடுப்பது அவரே சேர்த்த வசதி. சட்டையும் பின்னாலிருக்கும் சுவரும் கண்ணை இழுக்கும் என்பது அவர் கருத்து. கவனம் சிதறக்கூடாது என்பதற்காகவே அந்த வரியை எழுதினார். பின்னாளில் அவரை வீழ்த்தியது அந்த வரிதான்.

இந்த முறையில் 'ஆம்' என்பது எப்போதும் சற்றுப் பலவீனமானது. ஒரே அளவுள்ள இரண்டு தலைகள் உலகில் உண்டு. ஆனால் 'இல்லை' என்பது உறுதியானது. தாடை தள்ளி நின்றாலோ, பல் இடம் மாறியிருந்தாலோ அந்த ஆள் வேறு ஆள். அதற்கு மறுபேச்சு இல்லை. அதனால் அவருடைய 'இல்லை'யை எவரும் மறு ஆய்வு செய்ததில்லை.

ஓர் ஆண்டுக் கோடையில், நகரத்துக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் தண்ணீர் வற்றியபோது ஒரு மண்டையோடும் சில எலும்புகளும் வெளிப்பட்டன. சுண்ணாம்பு கலந்த நீரில் நெடுநாள் ஊறியதால் மரபணுச் சோதனைக்கு அவற்றிலிருந்து எதுவும் தேறவில்லை. காணாமற்போனவர்களின் குடும்பங்களைக் காவல்துறை ஒவ்வொன்றாக அழைத்தது. அப்படி வந்தவர்களுள் ஒருத்திதான் பெயின்டரின் மனைவி.

அவள் ரொட்டித் தொழிற்சாலையொன்றில் பொட்டலம் கட்டும் வேலையில் இருந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருந்ததால் முழங்கை மடிப்பில் மாவு ஒட்டியிருந்தது. கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் அவள் கணவர் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. கையிலிருந்த கைபேசியை நீட்டினாள்.

"இந்த ஒரு போட்டோலதான் சார் சிரிக்கிறாரு. மத்ததுல எல்லாம் வாயைத் தைச்ச மாதிரி வெச்சிருப்பாரு."

"ஏம்மா?"

"பல்லு உடைஞ்சிருக்குன்னு வெட்கம். சாரத்துலேர்ந்து விழுந்தப்ப உடைஞ்சது. உடைஞ்ச பல்லுக்காரனை ஏன் கட்டிக்கிட்டன்னு கேப்பாரு. முழுப் பல்லுக்காரன் எவனும் கேட்டு வரலையேன்னு சொல்லுவேன். அதுக்குச் சிரிச்சப்ப அவரே எடுத்துக்கிட்ட போட்டோ சார் இது."

"எந்தப் பல்லும்மா?"

அவள் யோசிக்கவே இல்லை. தன் மேல்வரிசையில் வலப்பக்க முன்பல்லைச் சுட்டுவிரலால் தொட்டாள். "இது சார். ஓரமா, சாய்வா போயிருக்கும்."

திரையில் ஏற்றிய முகத்திலும் வலப்பக்க முன்பல்லே ஓரம் சாய்வாக உடைந்து தெரிந்தது. படமும் மனைவியும் ஒன்றையே சொன்னதால் அவருக்கு ஐயம் எழ இடமில்லாமற்போயிற்று. அவளை வெளியே, பெட்டி அறைச் சுவரையொட்டிக் கிடந்த பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

கலவை திரையில் எழுந்தபோது கண்குழிகள் ஏறக்குறைய ஒத்துவந்தன. தாடை ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. மூக்கின் அடி விலகியது. எல்லாவற்றுக்கும் மேலாக, மண்டையோட்டில் உடைந்திருந்தது இடப்பக்க முன்பல். வலப்பக்கப் பல் முழுதாக, கீறல்கூட இல்லாமல் இருந்தது. அவர் பங்குகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். எலும்பைக் கூட்டி முகத்தைக் குறைத்தார். முகத்தைக் கூட்டி எலும்பைக் குறைத்தார். பல் இடம் மாறவில்லை. இல்லை என்று முடிவெழுதினார்.

முடிவைக் காவல் நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆயினும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைக் கடந்துபோக அவருக்கு மனம் வரவில்லை.

"அது உங்க வீட்டுக்காரர் இல்லம்மா."

அவள் சட்டென்று எழுந்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப உயிரோட இருக்காரு."

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. இது அவர் இல்லைங்கிறதை மட்டும்தான் என்னால சொல்ல முடியும்."

"எனக்கு அது போதும் சார். மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் ஒரு பை நிறைய பன் கொண்டுவந்து ஆய்வகத்தில் எல்லாருக்கும் கொடுத்தாள். பெட்டி அறை முதியவர் இரண்டை எடுத்துக்கொண்டார். "இந்த ஆபீசுக்கு வந்துட்டு சிரிச்சுக்கிட்டே போன மொத ஆளு இந்தப் பொண்ணுதான்யா" என்றார் வாய் நிறைய மென்றபடி.

மிச்சத்தை அவள் உண்மையாகவே பார்த்துக்கொண்டாள். விடுமுறை நாள்களில் வெளியூர்களுக்குப் போய், கட்டட வேலை நடக்குமிடங்களில் பெயின்டர்களிடம் கைபேசிப் படத்தைக் காட்டி விசாரித்தாள். வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி அவள் அண்ணன் பலமுறை சொல்லியும் அவள் அசையவில்லை. "அவரு வந்து கதவைத் தட்டுனா யாருண்ணே திறப்பா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட்டாள். எங்காவது அடையாளம் தெரியாத உடலோ எலும்போ கிடைத்ததாகச் செய்தி வந்தால், எவரும் அழைக்காமலே ஆய்வகத்துக்கு வந்து அதே பெஞ்சில் உட்காருவாள். ஒவ்வொரு முறையும் அவர் புதிதாகக் கலந்துபார்த்து, ஒவ்வொரு முறையும் வெளியே வந்து தலையசைப்பார். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போவாள்.

ஒருமுறை வந்தபோது காலில் கட்டுப் போட்டிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"பஸ்ல போய்க்கிட்டிருந்தேன் சார். ரோட்டுல அவர மாதிரியே ஒரு நடை. நிக்கிறதுக்குள்ள குதிச்சுட்டேன்."

"அவரா?"

"அட, நீங்க ஒண்ணு! கிட்டப் போய்ப் பாத்தா யாரோ ஒரு தாத்தா. என்னைத் தூக்கி உக்கார வெச்சு, 'ஏம்மா, கண்ணு தெரியாதா'ன்னு என்னையே திட்டுறாரு" என்று சிரித்தாள். அந்தக் கணுக்கால் சரியாகக் கூடவில்லை. அதன்பின் அவள் நடை தாங்கித் தாங்கித்தான் வந்தது.

அவள் வருவது நின்றுவிடக்கூடாதே என்று பாதிப்பாதிக்குச் சில சமயம் தோன்றும். வராமலிருந்தால் அவளுக்கு நல்லதென்றும் தோன்றும். இரண்டையும் மனைவியிடம் சொன்னதில்லை. ஆய்வகத்துப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்பது அவர் வைத்திருந்த ஒழுங்கு.

உண்மை வெளிவந்தது ஆய்வகத்தில் அல்ல. வீட்டுக் கூடத்தில், ஒரு விடுமுறை நாள் பிற்பகலில். அவர் மனைவி புதிதாகக் கைபேசி வாங்கியிருந்தாள். அவரோ பொத்தான் வைத்த பழைய கைபேசியோடு நின்றுவிட்டவர். தம்மைத் தாமே படமெடுத்துக்கொள்வது அவர் வாழ்க்கையில் நடந்ததே இல்லை. மனைவி அவரை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, கையை நீட்டிப் படமெடுத்தாள்.

"ஏங்க, இங்க பாருங்க. நம்ம வீட்டுக் கடிகாரம் பின்னாடி ஓடுது!"

படத்தில் அவர்களுக்குப் பின்னால் தொங்கிய சுவர்க்கடிகாரத்தின் எண்கள் வலம் இடமாக மாறித் தெரிந்தன. முன்பக்கக் கேமராவில் எடுத்த படத்தை அந்தக் கைபேசி கண்ணாடியில் தெரிவதுபோலவே சேமித்திருந்தது. சில கைபேசிகள் அதைத் திருப்பிச் சேமிக்கும். சில அப்படியே விட்டுவிடும். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தம் தலைவகிடு எதிர்ப்பக்கம் இருப்பதைப் பார்த்தார். அதன்பின் சிரிக்கவில்லை.

"என்னங்க, முகம் வெளிறிப்போச்சு? என்னைப் பக்கத்துல வெச்சுப் பாத்ததுலயா?" என்றாள் மனைவி.

அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஆய்வகத்துக்குப் புறப்பட்டார்.

பெயின்டரின் படத்தை நிரல் வெட்டிவைத்த வடிவிலேயே அவர் இத்தனை காலம் பார்த்திருந்தார். வெட்டாத மூலப்படத்தை அன்றுதான் முழுதாகத் திறந்தார். நீலச் சட்டை, மேலே இரண்டு பொத்தான்கள் திறந்திருந்தன. சட்டைப்பை வலப்பக்கம் இருந்தது. ஆண்கள் சட்டைக்கு வலப்பக்கம் மட்டும் பை வைத்துத் தைப்பவர் எவருமில்லை. கழுத்துக்குக் கீழே ஒரு சாண் விட்டிருந்தால் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

படத்தை வலமிடமாகத் திருப்புவதற்கு நிரலில் ஒரே ஒரு வரிதான் வேண்டியிருந்தது. அதை எழுதிவிட்டு, பெட்டி அறைக்குப் போய் முதியவரிடம் குவாரிப் பெட்டியைக் கேட்டார்.

"அதைத்தான் எப்பவோ முடிச்சாச்சே?"

"குடுங்கண்ணே."

முதியவர் அவர் முகத்தைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் அடித்தட்டிலிருந்து பெட்டியை இழுத்துத் தந்தார். இப்போது முகம் மறுபக்கம் சாய்ந்திருந்ததால் மண்டையோட்டையும் தாங்கியில் மறுபக்கம் திருப்பி நிறுத்திப் புதிதாகப் படமெடுத்தார். பாதி எலும்பு, பாதி முகம். கண்கள் குழிகளுக்குள் உட்கார்ந்தன. மூக்கு, தன் எலும்பின்மேல் நின்றது. துருத்திக்கொண்டிருந்த தாடை கன்னத்துக்குள் அடங்கியது. உதடுகள் பிரிந்த இடத்தில், உடைந்த பல்லின் சாய்வான விளிம்பும் எலும்பிலிருந்த பல்லின் விளிம்பும் ஒரே கோடாகிவிட்டன. பெயின்டர் தம் மண்டையோட்டின் மேலிருந்து சிரித்தார்.

அவள் தொட்டுக்காட்டிய பல்லின் கணக்கும் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கணவரை எதிரே நின்று பார்த்தே பழகியவள் மனைவி. அவருடைய இடப்பக்கம் அவளுக்கு எப்போதும் வலக்கைப் பக்கம். எந்தப் பல் என்று கேட்டதும், எதிரே அவர் நிற்பதாக எண்ணி, கண்ணாடியில் தொடுவதுபோலத் தன் வலப்பக்கப் பல்லைத் தொட்டிருக்கிறாள். திரும்பிய படமும் திரும்பிய விரலும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிவிட்டன. 'உங்கள் பல்லையல்ல, அவருடைய பல்லைச் சொல்லுங்கள்' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவர் கேட்கவில்லை.

மறுநாள் துறைத்தலைவர் அம்மையாரின் அறையில் எல்லாவற்றையும் சொன்னார். அம்மையார், பல்மருத்துவர் ஒருவரை வரவழைத்து எலும்பையும் படத்தையும் தனியாகக் காட்டினார். அவரும் அதே ஆள்தான் என்றார். மருத்துவர் போனபின் அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கைபேசியில எடுத்த படத்தை வெச்சு நீங்க முடிவு சொன்னதெல்லாம் எத்தனை இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். எல்லாத்தையும் மறுபடி பாக்கணும்."

"பாத்துத்தான் ஆகணும். இதுல நீங்க தப்பிக்க முடியாதுங்க. நானும்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணும் அதே பல்லைத்தானே காட்டுனா? அதை விளக்கமா எழுதிக் குடுங்க. பாதிப் பாரம் குறையும்."

"அதை எழுத வேண்டாம் மேடம்."

"ஏன்? நடந்ததுதானே?"

"விசாரணைன்னு வந்தா அந்த அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுவாங்க. 'நீ தப்பாக் காட்டுனதாலதான்'னு ஒருத்தர் சொன்னாப் போதும். இருக்கிற வரைக்கும் அந்தப் பல்லைத் தொட்டுக்கிட்டே இருப்பாங்க."

"உங்க வேலை போகலாம்."

"போகட்டும் மேடம். கேள்வி கேக்க வேண்டியவன் நான். அவங்க இல்ல."

அம்மையார் அதை எழுதச் சொல்லி வற்புறுத்தவில்லை. படத்தைத் திருப்பிப் பார்க்காதது தம் தவறு என்று மட்டும் பாதிப்பாதி எழுதிக் கொடுத்தார்.

செய்தியைச் சொல்ல ஒரு பெண் காவலரை அனுப்பினார்கள். தாமும் வருவதாகச் சொல்லிப் பாதிப்பாதியும் கூடப் போனார். தொழிற்சாலைக்குப் பின்னால், வரிசையாகக் கதவுகள் மட்டுமே தெரியும் சந்தில் இருந்தது வீடு. அவள் காலைப் பணி முடிந்து வந்து, தலையில் கட்டிய துணியை அவிழ்க்காமல் நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, நீங்களே வந்துட்டீங்களா சார்? உள்ள வாங்க. எங்க கிடைச்சுதாம்? நான் பேப்பர்ல எதுவும் பாக்கலையே. இல்லன்னு போன்லயே சொல்லியிருக்கலாமே, இவ்வளவு தூரம் எதுக்கு?"

அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு. சுவரோரமாகக் கழுவித் துடைத்த பெயின்ட் பிரஷ்கள் ஒரு டப்பாவில் நின்றன. பெண் காவலர் வாயைத் திறந்தாள். அவர் கைகாட்டி நிறுத்தினார்.

"குவாரியில கிடைச்சது... முதல்ல நீங்க வந்து பாத்தது. அது உங்க வீட்டுக்காரர்தாம்மா."

"எது?"

"முதல்ல பாத்தது."

"அது இல்லன்னுட்டீங்களே சார்."

"தப்பாச் சொல்லிட்டேன். போன்ல எடுத்த படம் கண்ணாடி மாதிரி திரும்பி இருந்துச்சு. நான் அதைத் திருப்பிப் போட்டுப் பாக்கல."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தாள். அழவில்லை. ஏதோ கணக்குப் போடுபவள்போல உதடுகள் மட்டும் அசைந்தன.

"அன்னிக்கு இல்லன்னு சொன்னீங்க. இன்னிக்கு ஆமாங்கிறீங்க. நாளைக்கு மறுபடி வந்து இல்லம்பீங்களா?"

"மாட்டேம்மா. டாக்டரும் பாத்துட்டார்."

"அவ்வளவு நாளும் அவரு எங்க இருந்தாரு?"

அவர் தயங்கினார். "ஆய்வகத்துலதாம்மா. பெட்டி வைக்கிற ரூம்ல."

"எந்த ரூம்?"

"நீங்க உக்காருவீங்களே... அந்த பெஞ்சுக்குப் பின்னாடி இருக்கிற ரூம்."

சந்தில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"நான் சுவத்துல சாஞ்சுக்கிட்டுதானே சார் உக்காந்திருப்பேன்?"

"ஆமா."

"ஒவ்வொரு தடவையும் அவரு என் முதுகுக்குப் பின்னாடி இருந்தாரு. நான் உங்களுக்கு நன்றி சொல்லிட்டு வந்தேன்." அவள் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "கண்ணு தெரியாதவரா சார் நீங்க? பொழுதன்னிக்கும் அதைத்தானே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க? ஒரு ஆளோட பல்லு எந்தப் பக்கம் இருக்குன்னு பாக்கத் தெரியாதா? நான் ஊரு ஊரா அலைஞ்சேனே, காலை உடைச்சுக்கிட்டேனே! எங்க அண்ணன் பைத்தியம்னு சொன்னான். ஆய்வகத்துலயே இல்லன்னு சொல்லிட்டாங்கன்னு உங்க பேரைச் சொல்லித்தானே அவன் வாயை அடைச்சேன்?"

பெண் காவலர் அவரைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள்போலும். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தம்மிடமிருந்த ஒரே பதிலைச் சொல்லியிருந்தால், அந்தக் கோபத்தில் பாதி அவளிடமே திரும்பிப் போயிருக்கும். அதைச் சொல்லாமலிருப்பதே அவளுக்குத் தம்மால் செய்யமுடிந்த ஒரே காரியம் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

"தெரியலம்மா. தப்பு என்னோடதுதான்" என்றார்.

அவள் எழுந்து, தலைத்துணியை அவிழ்த்து உதறி, கதவைப் பூட்டினாள். இப்போதே போக வேண்டும் என்றாள்.

ஆய்வகத்துக்கு வந்ததும் பெஞ்சின் பக்கம் அவள் திரும்பவே இல்லை; நடுக்கூடத்திலேயே நின்றாள். முதியவர் பெட்டியைத் துடைத்து எடுத்துவந்தார். அன்று அவர் வாயில் ஒரு வேடிக்கையும் வரவில்லை. பெட்டியை அவர் பாதிப்பாதியிடம் கொடுத்தார். பாதிப்பாதி இரண்டு கைகளாலும் வாங்கி, அவள்முன் நீட்டினார்.

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்க குடுக்காதீங்க. அந்தப் பொண்ணு குடுக்கட்டும்."

அவர் பெட்டியைப் பெண் காவலரிடம் தந்துவிட்டு ஒதுங்கி நின்றார். பெயின்டரின் மனைவி காவலரிடமிருந்து அதை வாங்கினாள். கனமிருக்கும் என்று நினைத்து உடம்பை முறுக்கியிருந்தாள்போலும். பெட்டி அவ்வளவு இலேசாக இருக்கவே, தூக்கிய வேகத்தில் நிலைதடுமாறினாள். பெண் காவலர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவுதானா?" என்று முதியவரைக் கேட்டாள்.

"இவ்வளவுதாம்மா கிடைச்சுது" என்றார் முதியவர்.

அவள் பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு தாங்கித் தாங்கி வாயிலை நோக்கி நடந்தாள். வெளிக்கதவு சாத்தியிருந்தது, இரண்டு கைகளும் நிறைந்திருந்ததால் அவளால் திறக்க முடியவில்லை. பாதிப்பாதி முன்னால் ஓடினார். அவர் நெருங்குவதைக் கண்டதும் அவள் திரும்பி நின்று, தோளாலும் முதுகாலும் கதவை நெட்டித் தள்ளி, பின்பக்கமாகவே வெளியேறினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அவர் அதன்முன் சிறிது நேரம் நின்றார். பிறகு, மறு ஆய்வுக்கு ஒதுக்கிய படங்கள் காத்திருந்த அறைக்குப் போய், அடுத்த படத்தின் மூலத்தைத் திறக்க முயன்றார். அதில் மூலம் இல்லை. நிரல் வெட்டிவைத்த ஒரு வாலிபனின் முகம் மட்டுமே இருந்தது. அதை இரு விதமாகவும் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம்; ஆனால் அவன் உண்மையில் எந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறான் என்று உறுதியாகச் சொல்ல இனி வழியில்லை. அவனுடைய தாய்க்கும் அவர் ஒருநாள் இல்லை என்று சொல்லியிருந்தார்.